சுருண்ட மிளகாய் இலையோடு கொடகவெலயிலிருந்து இரத்தினபுரிக்கு

இந்த வலைப்பக்கத்தில் வழக்கமாக நீர்வீழ்ச்சியோ கோயிலோ மலைப்பாதையோதான் வரும். இந்த முறை மிளகாய்ச் செடி வருகிறது. குருவிட்டப் பக்கம் போபத் எல்லவுக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். குருவிட்ட வழியாகத்தான் போனேன், ஆனால் அருவியை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. வீட்டுத் தோட்டமோ சின்னக் காய்கறிப் பாத்தியோ வைத்திருந்து, செடி நோயாகி, யாரிடம் போவது என்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்கு இந்தப் பயணம் உதவலாம். நானும் நான்கு நாட்கள் அப்படி முழித்தவள்தான்.

இது 2008 மார்ச் மாதத்தில் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை என் தங்கச்சி கமலா தொலைபேசியில் அழைத்தாள். அவளும் கணவர் செல்வராஜும் கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். தோட்டத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பள்ளத்தில் கைவிட்ட தேயிலை நிலத்தை நிர்வாகம் சில குடும்பங்களுக்குக் காய்கறி போடப் பிரித்துக் கொடுத்திருந்தது. யாருடைய துண்டு வெறுமையாகக் கிடக்கிறதோ அது வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்பது நிபந்தனை.

"அக்கா, எங்க மொளகா எல்லாம் சுருண்டுபோச்சு. தக்காளியும் அப்பிடித்தான். பக்கத்துப் பாத்திக்காரங்க தங்க செடிக்கும் பரவிரும்னு ஞாயித்துக்கெழம புடுங்கச் சொல்றாங்க. புடுங்கிட்டா எடம் போயிரும். நீங்கதான் கம்பியூட்டர்ல எல்லாம் பாக்குறீங்களே, என்னா சீக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

நான் கொழும்பில் ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோர்க்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் மரண அறிவித்தலும்தான் என் கைவண்ணம். என்றாலும் தங்கச்சியிடம் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அன்று மாலை இணையத்தில் தேடினேன். சுருண்ட இலைப் படங்கள் ஏராளம் வந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. முதலாளியிடம் விடுமுறை கேட்டுவிட்டுப் பையைக் கட்டினேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் புறக்கோட்டையில் எம்பிலிப்பிட்டிய பஸ். கட்டணம் 160 ரூபா. அவிசாவளை, எஹலியகொட, குருவிட்ட, இரத்தினபுரி, பெல்மதுளை என்று போகும். கொடகவெல போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. இடையில் யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். அடையாள அட்டையை உள்ளே எங்காவது வைத்துவிட்டுத் தேட வேண்டாம், கையிலேயே வைத்திருங்கள். கொடகவெலயிலிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர். முச்சக்கர வண்டிக்காரர் 250 கேட்டார், 200க்கு வந்தார், வழியெல்லாம் அந்த ஐம்பது ரூபாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

சாப்பிட்ட கையோடு பள்ளத்துக்கு இறங்கினேன். மிளகாய் இலைகள் நூல் நூலாக ஒடுங்கி, சில மேல்பக்கம் கிண்ணமாகவும் சில கீழ்ப்பக்கம் குடையாகவும் வளைந்திருந்தன. தக்காளித் தண்டு முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி திருகியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், பாத்தி அத்தனை சுத்தமாக இருந்தது. ஒரு புல் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு கம்பு ஊன்றி, வாழை நாரால் கட்டியிருந்தது. பக்கத்துத் துண்டில் மாரியாயி அக்காவின் பீன்ஸ் ஏனோதானோவென்று படர்ந்து, கீழ் இலைகளில் துரு மாதிரிப் புள்ளிகளோடு, ஆனால் பூவும் பிஞ்சுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மாரியாயி அக்கா கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணியின் தங்கை, பேச்சுக்கு அஞ்சாதவர். என்னைக் கண்டதும் விஷயத்துக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி வருத்தப்படக்கூடாது. ஒங்க மாப்பிள குருவிட்டப் பக்கமிருந்து நாத்து கொண்டாந்தாரு. சீக்கும் கூடவே வந்துருச்சு. நாங்க என்னா செய்வோம், எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மருந்து அடிக்காமல் விட்டவரா செல்வராஜ்? தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலையே அவருடையதுதான். முதுகில் மாட்டுகிற டேங்கியை ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கொண்டுவர அவருக்கு மட்டும்தான் அனுமதி. இலைப்பேனுக்கு ஒன்று, சிலந்திப் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சணத்துக்கு ஒன்று என்று வாரம் தவறாமல் அடித்திருக்கிறார்.

"எவ்வளவுக்கு அடிக்கிறேனோ அவ்வளவுக்குச் சுருளுதுக்கா. எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றார். அந்த மனிதரின் குரல் உடைந்துபோயிருந்ததைக் கேட்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ஒரு பையில் நாலு கிளையை ஒடித்துப் போட்டுக்கொண்டு கொடகவெல கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே உரமும் பூச்சி மருந்தும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. முதலாளி நம் ஆள், நெற்றி நிறையத் திருநீறு. என்னோடு தமிழ், மற்ற வாடிக்கையாளரோடு சிங்களம், தராசுக்காரரோடு இரண்டும் கலந்து பேசினார்.

"எல மேல சுருண்டா பேன். கீழ சுருண்டா சிலந்தி. ஒங்களது எப்பிடி?"

பையைத் திறந்து காட்டினேன். ஒரே கிளையில் ஓர் இலை மேலே, அடுத்தது கீழே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டும் சேந்து வந்திருக்கும்மா. ரெண்டு மருந்தும் அடிச்சுருங்க."

"ரெண்டும் அடிச்சாச்சு முதலாளி."

"அப்ப வைரஸ். அதுக்கு மருந்தே கெடையாது. நல்லா இருக்கிற மத்தவங்க பாத்திக்கு வேணும்னா பூஞ்சணம் வராம இத அடிக்கச் சொல்லுங்க," என்று செம்பு கலந்த நீலத் தூள் பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்தார். விலை 385 ரூபா. வைரஸுக்கும் பூஞ்சண மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்று வாங்கிக்கொண்டேன். மாரியாயி அக்காவிடம் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்தது, எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி.

வெள்ளிக்கிழமை இரத்தினபுரிக்குப் புறப்பட்டேன். அங்கே விவசாய அலுவலகம் ஒன்றில் இலையைக் காட்டினால் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சொல்லியிருந்தார். இந்த முறை கிளை ஒடிக்காமல் ஒரு மிளகாய்ச் செடியை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். கொடகவெலயிலிருந்து இரத்தினபுரி நாற்பத்தைந்து கிலோமீட்டர் அளவில், சாதாரண பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், 52 ரூபா.

நகருக்கு வெளியே சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் நெற்றிப் பொட்டைப் பார்த்த பெண் பொலிஸ் சாக்கை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே செடியைக் கண்டதும் அவர் புருவம் இறங்கியது.

"மே மிரிஸ் கஹக் நேத? கொல கொடவீம!" என்றார். இது மிளகாய்ச் செடிதானே, இலை சுருட்டை நோய் என்று அர்த்தம். அவருடைய அம்மா எம்பிலிப்பிட்டியவில் மிளகாய் போடுகிறாராம். சாம்பல் தூவினால் சரியாகிவிடும் என்றார். பின்னாலிருந்த ஆமிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, சாம்பல் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் என்றார். இருவரும் அதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்க, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கிழவர் சுண்ணாம்புக் குறைபாடு என்று முணுமுணுத்தார். என் அடையாள அட்டையைப் பார்க்கவே மறந்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

அலுவலகத்தில் இருந்தவர் இளம் சிங்களப் பெண் உத்தியோகத்தர். முதலில் வெள்ளைத் தாளை விரித்துச் செடியைத் தட்டினார். பேன் இருந்தால் தாளில் ஊரும் என்றார். ஒன்றும் விழவில்லை. பூதக்கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். சிலந்திப் பூச்சி இல்லை. வைரஸ் என்றால் பெரும்பாலும் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு இருக்கும், வெள்ளை ஈ இருக்கும், இரண்டும் இல்லை என்றார். வேர் வெள்ளையாக இருந்தது. வேறு எந்தச் செடிக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார். தக்காளிக்கு இருக்கிறது என்றேன். பிறகு நினைவு வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் குழாயடியில் நிற்கிற பப்பாசிக்கும் குருத்து இலை நூல் நூலாக வருகிறது, அதற்கும் பரவிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். மிளகாய், தக்காளி, பப்பாசி மூன்றுக்கும் ஒரே நேரத்தில் ஒரே நோயா, எனக்கு விளங்கவில்லையே என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு, "ஹொந்த கொலயக் கேன்ன," என்றார். நல்ல இலை ஒன்று கொண்டு வாருங்கள். பக்கத்துக்காரர் பாத்தியிலிருந்து வேண்டாம், அதே நாற்றில், உங்கள் இடத்திலேயே நன்றாக இருக்கிற செடி ஒன்றாவது இருக்கும், நல்லதைப் பார்த்தால்தான் கெட்டதுக்கு என்ன ஆனது என்று சொல்ல முடியும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நோய்க்கு மருந்து கேட்க வந்தால் நல்ல இலை கேட்கிறார்களே என்று பஸ் முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். நாளை மறுநாள் ஞாயிறு. செடியைப் பிடுங்கிப் போட்டபின் நல்ல இலையை வைத்து யாருக்குக் காட்டுவது?

மூன்றரை மணிக்குத் தோட்டத்தில் இறங்கினேன். கமலா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்றில் நல்ல செடி ஏதும் இருக்கிறதா என்று களைப்போடு கேட்டேன். அவள் கத்தியாலேயே சுவரோரம் காட்டினாள். பழைய பெயின்ட் டின்கள் இரண்டில் இரண்டு மிளகாய்ச் செடி. இலை அகலமாக, கரும்பச்சையாக, நேராக இருந்தது. மூன்று நாளாக அந்தச் செடிகளைத் தாண்டித்தான் நான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தேன்.

"இது அதே நாத்தா?"

"மிஞ்சுனத வச்சேன். சம்பலுக்கு ஒடிக்கிறது. திங்கிறதுல மருந்து வேணாம்னு அவரு இதுக்கு மட்டும் அடிக்கிறதே இல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு எதிரே குழாயடி, அதன் பக்கத்தில் நூலாய்த் திருகிய பப்பாசி. பப்பாசிக்கு யார் மருந்து அடித்தது? யாரும் அடிக்கவில்லை.

"கமலா, டேங்கிய எங்க கழுவுறாரு?"

"அந்தா, கொழாயில. அந்தத் தண்ணி பப்பாசிக்குத்தான் போகும். ஏன்?"

"வாரத்துல அந்த டேங்கில என்னா அடிப்பாரு?"

"புல்லுக்குத்தான். ரோட்டோரம், தண்ணி ஓடுற கானோரம் புல்லு சாகுற மருந்து அடிப்பாரு. ஞாயித்துக்கெழம கழுவிட்டு இங்க கொண்டாருவாரு."

சந்தோஷமா திகிலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செல்வராஜ் எங்கே என்று கேட்டேன்.

"மாரியாயி அக்கா கூப்பிட்டாங்க. ஆபீசுல கேட்டு இன்னைக்கே டேங்கிய எடுத்துக்கிட்டு, நோய் வராம இருக்க அவங்க பாத்திக்கு அடிக்கப் போயிருக்காரு. நீங்க வாங்கிக் குடுத்தீங்கல்ல, அந்த நீலத் தூளுதான். அடுத்து எல்லாரு பாத்திக்கும் அடிக்கணுமாம்."

செருப்பைக் கூடப் போடாமல் ஓடினேன். அந்தப் பள்ளத்துப் பாதையில் நான் ஓடியதைப் பார்த்தவர்கள் பாம்பு என்று நினைத்திருப்பார்கள். அடிக்காதீங்க, அடிக்காதீங்க என்று கத்திக்கொண்டே இறங்கினேன். மாரியாயி அக்காவின் பீன்ஸில் நாலு வரிசை நீலமாக நனைந்திருந்தது. செல்வராஜ் கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மற்றக் குடும்பத்தாரும் தங்கள் முறைக்காகச் சுற்றி நின்றார்கள்.

டேங்கியில் ஒட்டிக்கிடக்கிற புல் மருந்துதான் செடியைச் சுருட்டுகிறது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. செல்வராஜ் முதலில் நம்பவில்லை.

"கழுவிட்டுத்தானேக்கா எடுக்கிறேன். புல்லுக்கு அடிச்சு, கழுவிட்டு, இதே டேங்கில தேயிலைக்கும் சத்து மருந்து அடிக்கிறோம். இத்தன வருசமா தேயிலைக்கு ஒண்ணும் ஆனதில்லையே."

தோட்டத்தில் வேலை செய்கிற யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முற்றிய தேயிலைச் செடி தாங்கிக்கொள்ளும். மிளகாயும் தக்காளியும் பீன்ஸும் தாங்காது. உத்தியோகத்தர் நல்ல இலை கேட்டதையும், டின் செடியையும் பப்பாசியையும் சொன்னேன். அவர் டேங்கியை முதுகிலிருந்து இறக்கி, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தார். பிறகு அதன் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் குந்தியிருந்தார்.

எழுந்து எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "சீக்கு இல்லீங்க. நாத்துல ஒண்ணும் இல்ல. என் செடிய நான்தான் கெடுத்திருக்கேன். இப்ப மாரியாயி அக்காவோடதையும் கெடுத்துட்டேன்."

நான் மாரியாயி அக்காவின் வாயைத்தான் பயத்தோடு பார்த்தேன். அவர் தன் பீன்ஸைப் பார்த்தார், செல்வராஜைப் பார்த்தார்.

"நின்னு பேசுனா அது கழுவுப்படுமா? வாளியக் கொண்டாங்க," என்றார்.

ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்து அந்த நாலு வரிசையையும் இலை இலையாகக் கழுவினோம். பிடுங்கச் சொன்னவர்கள்தான் தண்ணீர் சுமந்தார்கள். இருட்டியபோது இடுப்பு ஒடிந்து, உடம்பெல்லாம் சேறாக மேலே ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை யாரும் பிடுங்க வரவில்லை.

திங்கட்கிழமை கொழும்பு திரும்பும் வழியில் இரத்தினபுரியில் இறங்கி அந்த உத்தியோகத்தரிடம் இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். டேங்கியைப் பற்றிச் சொன்னதும் நெற்றியில் தட்டிக்கொண்டார். அவருக்கும் வெள்ளிக்கிழமையிலிருந்து என்னைப் போலவே மண்டைக் குடைச்சலாம். சில களைக்கொல்லிகள் டேங்கியின் குழாயிலும் தெளிக்கும் வாய்முனையிலும் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் அலசினால் போகாது, துளி இருந்தாலும் இந்தச் செடிகள் முறுக்கிக்கொள்ளும் என்றார். ரொம்பத் திருகியதைப் பிடுங்கிவிட்டு வேறு நடலாம், லேசாகச் சுருண்டதில் புதுக் கொழுந்து எப்படி வருகிறது என்று பொறுத்துப் பார்க்கலாம், அதில் இப்போது இருக்கிற காயைச் சாப்பிட வேண்டாம் என்றார்.

இதைப் படித்துவிட்டு இலையோடு புறப்படுகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஒடித்த கிளையை எடுத்துப் போகாதீர்கள், வாடி உருமாறிவிடும். முழுச் செடியை வேரோடு ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள், கூடவே நல்ல செடியின் இலையும் வேண்டும். போகுமுன் நீங்களே வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே சுருண்டால் பேன், கீழே சுருண்டால் சிலந்தி என்று கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரிதானாம், பூச்சி கண்ணில் பட்டால் மட்டும். தக்காளியின் கீழ் இலையில் வளையம் வளையமாகப் புள்ளி வந்தால் அது பூஞ்சணம். அந்த இலைகளைக் கிள்ளிப் பாத்திக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டு, செடிக்குக் காற்றோட்டம் விட்டு, தண்ணீரை இலையில் ஊற்றாமல் வேரில் ஊற்ற வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து. பாகல், புடோல் இலையில் மாவு தூவியது போல வெள்ளை படிந்தால் கந்தக மருந்து, அதையும் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். மாரியாயி அக்காவின் பீன்ஸில் இருந்த துருப்புள்ளிக்குக் கீழ் இலைகளைக் கிள்ளி எறிந்ததே போதுமாக இருந்தது. வெவ்வேறு வகைச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிக் கெட்டால், நோயைத் தேடுவதற்கு முன் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். புல்லுக்கு அடிக்கிற டேங்கியைக் காய்கறிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அலுவலகம் சனி ஞாயிறில் இல்லை, காலையிலேயே போய்விடுங்கள்.

ஏப்ரல் கடைசியில் கமலா அழைத்தாள். பாதிச் செடி போய்விட்டது, மீதியில் கொழுந்து நேராக வருகிறது, நிலம் அவர்களிடமே இருக்கிறது என்றாள். ஆனால் செல்வராஜ் பாத்திக்குள் கால் வைப்பதில்லையாம். வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாராம். மருந்து என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம். கண்டுபிடித்துக் கொடுத்து நல்லது செய்தேனா, அந்த மனிதரை நாலு பேர் முன்னால் உடைத்துவிட்டேனா என்று அன்று முழுக்க எனக்குப் புரியவில்லை.

போன வாரம் மறுபடி அழைத்தாள். மாரியாயி அக்கா புள்ளி விழுந்த கத்தரி இலை ஒன்றோடு வீட்டு வாசலுக்கே வந்தாராம்.

"தம்பி, இது என்னா சீக்குன்னு பாத்துச் சொல்லு. ஒன்ன விட்டா நான் யாருகிட்ட போவேன்?"

செல்வராஜ் வாங்கத் தயங்கினாராம். மாரியாயி அக்கா விடாமல் கையில் திணித்திருக்கிறார். இவர் இலையைத் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், வெகு நேரம் பார்த்தார்.

"வெளங்கலக்கா," என்றாராம் கடைசியில். "நல்ல எல ஒண்ணு கொண்டாங்க."